இரண்டாவது சொல் பிறந்த கதை

1549 ஆகஸ்டில் பிரான்சிஸ் சவேரியார் ஜப்பானின் ககோஷிமா துறைமுகத்தில் வந்து இறங்கினார். அதற்கு முன்பு தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே வேலை செய்தவர் அவர். தமிழ் சரியாக வராது. ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். ஜப்பானில் அவருக்கு உடனடியாகத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். கடவுளை இந்த மக்களிடம் என்ன பெயரால் சொல்வது? உடன் வந்த அஞ்சிரோ என்ற ஜப்பானியர் ‘தாய்நிச்சி’ என்றார். சவேரியாரும் தாய்நிச்சியை வணங்கச் சொல்லிப் பிரசங்கம் செய்தார். புத்த பிக்குகள் முகம் மலர்ந்து வரவேற்றார்கள். அந்த வரவேற்பின் காரணம் புரிய அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

தாய்நிச்சி என்பது அந்த பிக்குகளே வணங்கிவந்த வைரோசன புத்தரின் பெயர். பதறிப்போன சவேரியார் அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, இனி ஐரோப்பியச் சொல்லான ‘தேயுஸ்’ மட்டுமே என்று முடிவு செய்தார். ஜப்பானியர் வாயில் அது ‘தேயுசு’ ஆனது. பிக்குகள் அதைத் திரித்து ‘தாய் ஊசோ’ என்றார்கள். பெரும் பொய் என்று அர்த்தம். உள்ளூர்ச் சொல்லை எடுத்தால் அதற்குள் ஏற்கனவே வேறொரு தெய்வம் குடியிருந்தது. வெளியூர்ச் சொல்லை எடுத்தால் கேட்பவர் மனதில் ஒன்றுமே தோன்றவில்லை. இதே சிக்கல் சவேரியார் விட்டுவந்த தமிழ்க் கரையிலும் காத்திருந்தது.

அங்கே அதை முதலில் எதிர்கொண்டவர் அன்றிக் அடிகளார். என்றிக்கே என்றிக்கஸ் என்ற போர்ச்சுகீசிய ஏசு சபைத் துறவி. புன்னைக்காயலில் தங்கி, தமிழைப் பேசவும் எழுதவும் முறையாகக் கற்ற முதல் ஐரோப்பியர்களில் ஒருவர். 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் 16 பக்கங்கள் கொண்ட ஒரு சிறு புத்தகத்தை அச்சிட்டு முடித்தார். இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் எழுத்திலேயே இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று இன்று அதைக் கொண்டாடுகிறோம். அச்சு வரலாறு பேசுகிறவர்கள் அதன் எழுத்துருவைப் பற்றிப் பேசுவார்கள், ஆண்டைப் பற்றிப் பேசுவார்கள். அதன் தலைப்பில் இருக்கும் துணிச்சலை அவ்வளவாகப் பேசுவதில்லை. புத்தகத்தின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. சவேரியார் ஜப்பானில் கைவிட்ட வழியை அன்றிக் தமிழில் மறுபடி திறந்திருந்தார். கடவுளுக்கு ஒரு தமிழ்ப் பெயர் கிடைத்துவிட்டது.

ஆனால் தம்பிரானுக்கும் ஏற்கனவே வீடு இருந்தது. தஞ்சைச் சீமையில் திருவாவடுதுறை, தருமபுரம் என்று சைவ ஆதீனங்கள் வேரூன்றிய காலம் அது. அந்த மடங்களின் காவி உடுத்த, உருத்திராக்கம் அணிந்த துறவிகளுக்குத் தம்பிரான் என்றுதான் பெயர். இன்றும் அதே பெயர்தான். சிவபெருமானையும் அடியார்கள் தம்பிரான் என்று அழைத்தார்கள். முத்துக்குளித்துறையில் புதிதாகப் பிறந்த பெயர் காவிரிக்கரைக்கு வந்தால், கேட்பவருக்கு நினைவு வருவது யாராக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தலைமுறை ஏசு சபையினர் அதை நீட்டிக்கவில்லை. வேறு சொல்லைத் தேடினார்கள். தேடியவர்களில் ஒருவர் பூணூலும் காவியும் தரித்து மதுரை வீதியில் நடந்தார்.

இத்தாலிய உயர்குடியில் பிறந்த ராபர்ட் டி நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். சிவதருமர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவருடைய உடையும் முறையும் ரோம் வரை சண்டையைக் கிளப்பின. 1623-இல் போப் அவற்றை அனுமதித்த பிறகுதான் சற்று ஓய்ந்தது. அந்தச் சண்டைக்கு நடுவில் அவர் உறுதிப்படுத்திய ஒரு சொல் மட்டும் எந்தத் தடையுமின்றி நிலைத்துவிட்டது: சர்வேசுரன். எல்லாவற்றுக்கும் ஈசன். அடுத்த மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்க் கத்தோலிக்கர் காலையிலும் மாலையிலும் சொன்ன பெயர் அது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவிடாமல் செய்தது, தஞ்சை நாயக்க மன்னர் ஒருவர் போட்ட கையெழுத்து.

1620-இல் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடி என்ற கடலோரக் கிராமத்தை டென்மார்க் வணிகர்களுக்கு விட்டுக்கொடுத்தார். மிளகு வாங்க வந்தவர்கள் அங்கே டேனிஷ் கோட்டை கட்டிக்கொண்டார்கள். 86 ஆண்டுகள் கழித்து, 1706 ஜூலை 9-ஆம் தேதி, அதே கரைக்கு வேறு சரக்கோடு ஒரு கப்பல் வந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் அதில் இருந்தார்கள். ஒருவர் புளுட்சோ. இன்னொருவர் அடுத்த நாள் 24 வயதை நிறைவு செய்யவிருந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு. இருவருக்கும் தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது.

சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாங்கினார். 1708-இல் தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே போட்டார். அந்தச் சுவடிகளில் ஏசு சபையினர் எழுதியவையும் இருந்தன. லூத்தரின் வழியில் வந்தவருக்குக் கத்தோலிக்கருடைய கொள்கை ஆகாது. ஆனால் நூறாண்டுகளுக்கு மேலாக அவர்கள் செதுக்கி வைத்திருந்த சொற்கள் வேண்டும். அவற்றை எடுத்துக்கொண்டார், சர்வேசுரன் உட்பட. 1708 அக்டோபர் 17-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். ஒரு மாதம் முடிந்த கையோடு கோட்டையின் தளபதி ஹாசியுஸ் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்.

நாலு மாதச் சிறைவாசத்துக்குப் பிறகு வெளியே வந்தவர், 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை முடித்தார். இனி அச்சிட வேண்டும். லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரமும், அதை இயக்க யோனாஸ் பிங்க் என்ற இளைஞரும் கப்பலேறினார்கள். பிரேசில் கரையில், ரியோ டி ஜெனிரோவில், அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கப்பலின் அடித்தளத்தில் கிடந்த இயந்திரம் யார் கண்ணிலும் படாமல் தப்பியது. மீட்புப் பணம் கட்டிய பிறகு கப்பல் கிளம்பியது. நன்னம்பிக்கை முனையை நெருங்கும்போது பிங்க் காய்ச்சலில் இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தபோது அதை ஓட்ட ஆள் இல்லை. கோட்டைச் சிப்பாய்களில் ஒருவருக்கு அச்சு வேலை தெரியும் என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. ஒவ்வொன்றும் பெரிது பெரிதாக இருந்தது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கையிருப்பில் இருக்கும் காகிதம் பாதியில் தீர்ந்துவிடும். சிறிய எழுத்துகளை உள்ளூரிலேயே வார்க்க ஈயம் வேண்டும். ஈயம் எங்கே? இங்கிலாந்திலிருந்து செஷயர் பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கினார்கள். அந்த எழுத்துகளில் 1714-இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் மிச்சமும் வெளிவந்தன. அதே 1715-இல் ரோமில் போப் பதினோராம் கிளமெண்ட், சீனக் கிறிஸ்தவர்கள் கடவுளுக்கு எந்தச் சீனச் சொல்லைப் பயன்படுத்தலாம், எதைக் கூடாது என்று ஆணை பிறப்பித்தார். சீனாவில் ஒரு ஆணை முடித்துவைத்த விவாதம், தரங்கம்பாடியில் ஒரு புத்தகத்தால் தொடங்கியது. அதைத் தொடங்கியவரே முதலில் அசைந்தார்.

சீகன்பால்கு வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர், கேட்கத் தெரிந்தவர். தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, பதில்களைப் பெற்று ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். சுவடிகளில் மூழ்கினார். சிவவாக்கியரைப் படித்து வியந்தார். இந்த மக்கள் பல தெய்வங்களை வணங்கினாலும், எல்லாவற்றுக்கும் மேலே உருவமற்ற ஒன்றைப் பற்றியும் பேசுகிறார்கள் என்று கண்டுகொண்டார். அதற்கு அவர்கள் சொன்ன பெயர் பராபர வஸ்து. 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி என்று ஒரு பெரிய நூலை எழுதியபோது, அதன் உச்சியில் பராபர வஸ்துவையே வைத்தார். கையெழுத்துப் படி ஹாலே நகருக்குப் போனது. அங்கிருந்து மிஷனை வழிநடத்திய பிராங்கே, மிஷனரிகளை அனுப்பியது அஞ்ஞானத்தை வேரறுக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று சொல்லி அச்சிட மறுத்தார். நூல் 1867 வரை வெளிவரவில்லை. சீகன்பால்கு 1719-இல், 36 வயதில் இறந்தார். ஆனால் அவர் கேட்டுவைத்த சொல் தரங்கம்பாடியில் உயிரோடு இருந்தது.

கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சியில், இன்னொருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோசப் பெஸ்கி என்ற வீரமாமுனிவர். தேம்பாவணி பாடியவருக்குத் தரங்கம்பாடித் தமிழ் காதில் விழுந்த கல்லாக இருந்தது. வேத விளக்கம், லுத்தேரினத்தியல்பு என்று எழுதி, லூத்தரன்களுடைய கொள்கையோடு அவர்களுடைய தமிழையும் சேர்த்துத் தாக்கினார். நடையைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழ் தெரிந்த எதிரியின் விமர்சனத்துக்கு ஒரு பயன் உண்டு. தரங்கம்பாடியால் சும்மா இருக்க முடியவில்லை. திருத்த ஒருவர் வர வேண்டியிருந்தது.

1740-இல் வந்தார். ஜான் பிலிப் பப்ரிசியுஸ். தரங்கம்பாடியில் இறங்கி, பிறகு சென்னை வேப்பேரியில் தங்கிவிட்டவர். முந்தையவர்களின் மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்துச் சொல் சொல்லாக உரசிப் பார்த்தார். அவரிடம் இருந்த அச்சு இயந்திரத்துக்கும் ஒரு கதை உண்டு: 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கொள்ளைப் பொருளாகக் கொண்டுவந்தது அது. கோட்டை வேலை வந்தால் முதலில் செய்துகொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பப்ரிசியுஸ் கைக்கு வந்தது. 1772-இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. பழைய ஏற்பாடு அவர் காலத்துக்குப் பிறகுதான் முழுதாக அச்சேறி முடிந்தது. கடைசிக் காலத்தில் பிறர் கடனுக்குப் பொறுப்பேற்று ஏமாந்து, முதுமையில் கடன்காரர் சிறைக்கும் போன மனிதர். ஆனால் அவர் கொடுத்த புத்தகத்தை மக்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் புத்தகத்தில் கடவுளின் பெயர் மாறியிருந்தது.

பராபரன். ஈசுரன் என்ற ஒலி போய்விட்டது. சிவனை நினைவூட்டும் சொல்லை விலக்கிவிட்டோம் என்று ஜெர்மானியர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் அதே 18-ஆம் நூற்றாண்டில், வேதாரண்யத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தாயுமானவர் பராபரக் கண்ணி பாடியிருந்தார்: 389 கண்ணிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் அதே விளி. சைவ உள்ளத்தின் ஆழத்திலிருந்தே இந்தச் சொல்லும் வந்தது. இருந்தாலும் ஒரு வித்தியாசம். பராபரனுக்குச் சிலை இல்லை, தேர் இல்லை, துணைவி இல்லை, பன்மை இல்லை. ஒருவரே என்று சொல்ல வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். அந்தப் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுத்து மக்கள் நாவில் வைக்க ஒரு கவிஞர் தேவைப்பட்டார். அவர் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாளையங்கோட்டையில் பிறந்தார்.

1774 செப்டம்பர் 7-இல் பிறந்த வேதநாயகம், தந்தை தேவசகாயத்தோடு இருந்த நாளில், ஊருக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் கண்ணில் பட்டான். தஞ்சை அரண்மனையிலும் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் ஒரே சமயத்தில் நம்பிக்கை பெற்றிருந்தவர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். பையனைத் தன்னோடு தஞ்சாவூருக்கு அழைத்து வந்தார். அப்போது அவனுக்கு வயது 12. அடுத்த சில ஆண்டுகளில் சுவார்ட்ஸின் பொறுப்பில் இன்னொரு சிறுவனும் வந்து சேர்ந்தான்: துளஜா மன்னரின் சுவீகார மகன் சரபோஜி. ஒருவன் அரசனாகவும் ஒருவன் கவிராயனாகவும் வளர்ந்தார்கள். சரஸ்வதி மகாலைச் செழிக்கச் செய்த அந்த அரசரின் அவையில், கிறிஸ்துவைத் தவிர வேறு யாரையும் பாடாத கவிஞர் ஒருவர் சம்மானம் பெற்றார். இது எந்த ஊரிலும் சாதாரண நிகழ்ச்சி அல்ல.

வேதநாயக சாஸ்திரியார் தஞ்சையில் என்னென்ன பாட்டு வடிவம் உண்டோ அத்தனையையும் எடுத்தார். குறவஞ்சி வேண்டுமா? பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அதில் கோள்கள் சூரியனைச் சுற்றும் கணக்கையும் சேர்த்தார். நொண்டி நாடகம் வேண்டுமா? ஞான நொண்டி நாடகம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும்போது, ஏற்றத்தின் மேல் ஏறி இறங்கும் ஆட்கள் சால் எண்ணிக்கை தவறாமலிருக்கப் பாடும் ஏற்றப்பாட்டையும் விடவில்லை: ஞான ஏற்றப்பாட்டு பாடினார். கும்மி, மாலை, கப்பல் பாட்டு என்று நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். பராபரன் மாலை என்றே ஒன்று உண்டு. பப்ரிசியுஸ் அச்சில் வைத்த பெயர் இப்படித்தான் தாளத்தோடும் ராகத்தோடும் காவிரி டெல்டாவின் சபைகளில் இறங்கியது. ஒரு தலைமுறை அந்தப் பெயரோடு பிறந்து, அந்தப் பெயரோடு அடக்கமும் ஆனது. அப்போதுதான் திருநெல்வேலியிலிருந்து ஒரு திருத்தம் கிளம்பியது.

1814-இல் சென்னைக்கு வந்து 1820-இல் பாளையங்கோட்டைக்குப் போன மிஷனரி ரேனியுஸ், கூர்மையான தமிழறிவு கொண்டவர். பப்ரிசியுஸின் நடை மூலமொழியை ஒட்டியே நடக்கிறது, படிக்கிற தமிழனுக்குத் தடுக்குகிறது என்பது அவருடைய கருத்து. மொழிபெயர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 1827-இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார். வேதாகமத்தை எளிய தமிழில் புதுக்கத் தொடங்கினார். அவர் நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தஞ்சாவூரில் அந்தத் திருத்தம் இடியாக விழுந்தது. சாஸ்திரியார் எழுதுகோலை எடுத்தார். அந்த எழுத்தின் தலைப்பிலேயே அவர் கோபம் தெரிகிறது: ‘புதுத் திருத்தலின் கூக்குரல்’.

தாய் மடியில் கேட்டு, சாவுப் படுக்கையில் சொல்லி, மூன்று தலைமுறை கண்ணீரோடு உச்சரித்த சொற்களை, நேற்று கப்பலில் வந்து இறங்கிய ஒருவர் மேசையில் உட்கார்ந்து அடித்துத் திருத்தலாமா? இதுதான் அந்தக் கூக்குரலின் அடிநாதம். மொழிபெயர்ப்பு யாருக்குச் சொந்தம்? மொழிபெயர்த்தவருக்கா, அதைக் கொண்டு ஜெபித்தவருக்கா? தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் இந்தக் கேள்வியை இவ்வளவு வலுவாக எழுப்பியது அதற்கு முன் நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய மனக்குறைப் பட்டியல் அதோடு நிற்கவில்லை. ஆராதனையில் தமிழ் இசையை ஒதுக்குவதையும், பண்டிகைக்குப் பூ வைப்பதைத் தடுப்பதையும் எதிர்த்தார். சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்கச் சொன்னதையும் அதே மூச்சில் எதிர்த்தார். இந்தக் கடைசி விஷயத்தில் அவர் பக்கம் நிற்க முடியாது. நற்கருணைப் பாத்திரத்தின் முன் மேல் சாதி, கீழ் சாதி என்று உட்கார வைத்த வழக்கத்தைக் காப்பாற்ற அவர் செலவிட்ட தமிழ் வீணான தமிழ். அந்த வழக்கையும் பெயர் வழக்கையும் ஒன்றாகக் கட்டியதால், நியாயமான குரலுக்கும் காது கிடைக்காமல் போனது. ரேனியுஸும் வெற்றி காணவில்லை. தன்னை அனுப்பிய சங்கத்தோடு பிணங்கிப் பிரிந்து, 1838-இல் இறந்தார். திருத்தும் வேலை கடல் கடந்து போனது.

யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரி பீட்டர் பெர்சிவல் முழு வேதாகமத்தையும் புதிதாகத் தமிழாக்க முனைந்தார். துணைக்கு அவர் அமர்த்திய இளைஞர் ஆறுமுகம். பின்னாளில் மிஷனரிகளுக்கு எதிராகச் சைவத்தைத் தூக்கி நிறுத்திய ஆறுமுக நாவலரேதான். திருநீறு பூசிய சைவர் ஒருவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து விவிலியத்தின் தமிழைச் செப்பனிட்டார். வேலை முடிந்ததும் இருவரும் சென்னைக்கு வந்து, மழவை மகாலிங்கையரிடம் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள் என்று நாவலர் வரலாறு சொல்கிறது. 1850-இல் நூல் வெளிவந்தது. பண்டிதர் ஒப்புக்கொண்ட தமிழைச் சென்னை மிஷனரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. பழையது ஒரு பக்கம், ரேனியுஸ் ஒரு பக்கம், யாழ்ப்பாணம் ஒரு பக்கம். ஒரே நம்பிக்கைக்கு மூன்று தமிழ். இனி எல்லா மிஷன்களும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒழிய வழியில்லை என்ற நிலை வந்தது. தலைமைக்கு ஆள் தஞ்சை வட்டாரத்தில் கிடைத்தார்.

ஹென்றி பவர் ஆங்கிலோ இந்தியர்; வேதியர்புரத்தில் பணியாற்றியவர். மொழிக்குள் பிறந்தவர் என்பதால் அவருக்கு இரண்டு பக்கமும் கேட்டது. முத்தையா பிள்ளை என்ற தமிழறிஞரின் துணையோடு சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868-இல் பதிப்பித்தவர் இவர். கும்பகோணம் கல்லூரி ஆசிரியர் உ.வே. சாமிநாதையர் முழுச் சிந்தாமணியையும் வெளிக்கொண்டுவருவதற்கு 19 ஆண்டுகள் முன்பு! சமணக் காப்பியத்தை ஒரு கையிலும் வேதாகமத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டிருந்த அவருக்குத் துணையாக அமைந்த குழுவில் கால்டுவெல்லும் இருந்தார். பப்ரிசியுஸை அடித்தளமாக வைத்துக்கொள்வது, தேவைப்படும் இடத்தில் மற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வது என்று ஒப்புக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி முதல் வசனத்திலேயே நின்றது.

எபிரேய மூலத்தில் கடவுளைக் குறிக்கும் ஏலோகிம் என்ற சொல்லே, பிற இனத்தார் வணங்கும் தெய்வங்களையும் குறிக்கிறது. ஒரே சொல் இரண்டு இடத்திலும் வருவதால்தான், இவரே மெய்யானவர், மற்றவை அல்ல என்ற வாதம் அங்கே உறைக்கிறது. பராபரனை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அந்நிய பராபரர்கள் என்று எழுதினால் சொல்லே உடைந்துவிடும். எந்தப் பன்மையின்மை பராபரனின் பெருமையாக இருந்ததோ, அதுவே மொழிபெயர்ப்பவனுக்குத் தடையானது. பன்மை கொள்ளும், பெண்பால் கொள்ளும், அடைகளோடு எளிதாகச் சேரும் பொதுச்சொல் ஒன்று வேண்டும். அப்படி ஒரு சொல் தெருவிலேயே கிடந்தது. இந்திரன் முதலான முப்பத்து முக்கோடிப் பேருக்கும் பொதுவான, அதனாலேயே முந்தையவர்கள் முதல் இடத்தில் வைக்கத் தயங்கிய சொல். 1864 ஜனவரி 24-இல் வேதநாயக சாஸ்திரியார் 89 வயதில் தஞ்சாவூரில் கண்ணை மூடினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1871-இல், ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

கறுப்பு அட்டை, சிவப்பு விளிம்பு என்று தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்ட் வீடுகளில் தலைமாட்டில் இருக்கும் வேதாகமம் அதுதான். ஆதியாகமம், முதல் அதிகாரம், முதல் வசனம், இரண்டாவது சொல்: தேவன். இன்று குழந்தைக்கு முதல் ஜெபமாகச் சொல்லிக்கொடுப்பதும், மரண வீட்டில் பாஸ்டர் வாசிப்பதும், மார்கழிக் குளிரில் கேரல் பாடி வரும் பிள்ளைகள் சொல்வதும் அந்தப் பெயரைத்தான். ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று தோன்றும் அளவுக்கு அது இயல்பாகிவிட்டது. அதன் பக்கத்திலேயே இன்னொரு பெயர் நிற்கிறது. யூதர்கள் பயபக்தியால் வாய்விட்டுச் சொல்லாமல், ஆண்டவர் என்ற பொருள் தரும் வேறு சொல்லால் வாசித்த நான்கெழுத்துத் திருநாமத்துக்கு, ஜெர்மானியர் காலத்திலேயே வழக்குக்கு வந்துவிட்ட கர்த்தர் என்பதை ஐக்கிய மொழிபெயர்ப்பு உறுதிசெய்தது. படைக்கிறவர், செய்கிறவர் என்பது அதன் பொருள். தேவனும் கர்த்தரும் இணைந்து நாவில் அமர்ந்துவிட்டார்கள். ஆனால் தரங்கம்பாடி அதை ஏற்கவில்லை.

சீகன்பால்கின் வாரிசுகளான லூத்தரன்கள் ஐக்கிய மொழிபெயர்ப்பைத் தொடாமல், பப்ரிசியுஸையே நெடுங்காலம் வைத்துக்கொண்டார்கள். அங்கே பராபரன் பிழைத்திருந்தார். பக்கத்தில் மாயூரத்தில் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கராக இருந்துகொண்டே, எந்தச் சமயத்தாரும் தம் கடவுளை நினைத்துப் பாடும்படி ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களை 1878-இல் வெளியிட்டார். பெயர்ச் சண்டையை அவர் முடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 20-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகளான லார்சனும் மோனகனும் வேதாகமத்தை மறுபடி திருத்தி, தேவன் இருந்த இடத்தில் கடவுள் என்று வைத்தார்கள். அறிஞர்கள் பாராட்டினார்கள். சபைகள் வாங்கவில்லை. சாஸ்திரியார் பராபரனுக்காக எழுப்பிய அதே கூக்குரலை இப்போது தேவனுக்காக எழுப்பினார்கள்.

கத்தோலிக்கர் பக்கம் மாற்றம் வேகமாக வந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. நொபிலியின் சர்வேசுரன் மெல்ல மெல்ல ஒதுங்க, இறைவனும் கடவுளும் ஆண்டவரும் முன்னால் வந்தார்கள். 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் கடவுள், ஆண்டவர் என்றே இருக்கிறது. இரு தரப்பும் சேர்ந்து செய்த நூல் என்றாலும், கத்தோலிக்கக் கோயில்களில் அது வாசிக்கப்படும் அளவுக்குப் புராட்டஸ்டண்ட் ஆலயங்களில் வாசிக்கப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூண்டி மாதா கோயிலில் கேட்பது கடவுள். அதே நேரம் தஞ்சாவூர்த் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தில் கேட்பது தேவன்.

அந்த ஆலயத்தில் வாசிப்பு முடிந்து கீர்த்தனை தொடங்கும்போது பல வாரங்களில் பாட்டு சாஸ்திரியாருடையதாக இருக்கும். சாஸ்திரியார் வம்சத்தினர் அவருடைய பாடல்களை இன்றும் கதாகாலட்சேபமாகப் பாடிவருகிறார்கள். வேதாகமத்தின் முதல் வசனத்திலிருந்து 1871-இல் நீங்கிய பராபரன், அந்தப் பாடல்களில் அப்படியே இருக்கிறார்.